எம்.ஜி. இருக்கு, ‘ஆர்’ எங்கே?

2016 ஆடி மாதத்து மழையில் எட்டியாந்தோட்டையிலிருந்து புறப்பட்ட லொறி ஒன்று, கரவனல்லை, அவிசாவளை, எஹலியகொடை, குருவிட்டை, இரத்தினபுரி, பெல்மதுளை என்று ஊருக்கு ஊர் தேத்தண்ணி குடித்துவிட்டு, பின்னேரம் ஐந்து மணிக்குப் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளிக்கூடச் சந்தியில் வந்து நின்றது. தார்ப்பாயை அவிழ்த்தார்கள். உள்ளே துருப்பிடித்த சேஸி ஒன்று, இரும்புச் சில்லு நான்கு, என்ஜின் ஒன்று, ஆறு உர பேக், மூன்று பெரிய பிஸ்கட் டின். டின்னுக்குள் ஆணி, போல்ட், வொஷர், இறந்துபோன பல்லி ஒன்று.

“என்னாங்க வாத்தியாரய்யா, பழைய இரும்பு யாவாரம் தொடங்கிட்டீங்களா?”

“இல்லப்பா. காரு.”

“எங்க?”

“இதுதான்.”

கூட்டம் லொறியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தது. “என்னா காருங்க?” என்று கேள்வி வந்தது. வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி, “எம்.ஜி.” என்றார். பிரட்டுக் களத்துத் திண்ணையில் குந்தியிருந்த பென்ஷன்காரக் கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “எம்.ஜி. சரி. ஆர் எங்க? வர்ற வழியில விழுந்துருச்சா?”

மலையகத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம். எம்.ஜி.ஆர். 1917இல் கண்டிப் பக்கம் பிறந்தவர். அவர் படம் தொங்காத லயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கும் ‘வாத்தியார்’ என்றுதான் பட்டப்பெயர். நம் வாத்தியாரோ தோட்டப் பாடசாலையில் சம்பளத்துக்கு வாத்தியாராக இருந்து, அறுபது வயதில் ஓய்வுபெற்று, கையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இதைச் செய்தவர். இந்தக் கட்டுரையை எழுதுகிறவரும் அவரேதான். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு முன்னால் ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது, ஆகவே ‘வாத்தியார்’.

சும்மா வாங்கிவிடவில்லை. அதற்குப் பின்னால் ஒரு குடை இருக்கிறது.

1960களின் தொடக்கம். வாத்தியாருக்கு ஐந்தாறு வயது. தோட்டத்துச் சின்ன துரை ஒரு வெள்ளைக்காரர். சனிக்கிழமை பின்னேரம் கூரை இல்லாத சின்னக் கார் ஒன்றில் கிளப்புக்குப் போவார். தேயிலை மலைக்குள் எங்கோ மூன்றாவது வளைவில் வரும்போதே சத்தம் கேட்கும். அந்தக் காலத்துத் தோட்ட வழக்கப்படி, துரை வந்தால் ஆட்கள் பாதையை விட்டு ஓரமாக இறங்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்க்க வேண்டும், மழை பெய்தாலும் குடையை மடக்க வேண்டும். வாத்தியாரின் அப்பா கொட்டுகிற மழையில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கானுக்குள் நின்றார். பையனும் பக்கத்தில் நின்றான். கார் போனது. அப்பா நனைந்தார். பையனோ பெற்றோல் வாசத்தை மூக்கு நிறைய இழுத்து வைத்துக்கொண்டான். மூக்கில் ஏறிய அந்த வாசம் இறங்க ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது.

அந்தக் கார் எம்.ஜி. கம்பனியின் ‘டீ.டீ.’ மொடல். ஒக்ஸ்போர்டில் சைக்கிள் கடை வைத்து மேலே வந்த வில்லியம் மொரிஸின் ‘மொரிஸ் கராஜஸ்’ என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. மொரிஸின் சாதாரணக் கார்களைப் பிரித்து, தாழ்த்தி, அழகான உடம்பு போட்டு விற்கலாம் என்று கண்டவர் அங்கே மனேஜராக இருந்த செசில் கிம்பர். 1929இலிருந்து 1980 வரை அபிங்டன் என்ற சின்ன ஊரில் தொழிற்சாலை நடந்தது. கார்த் தொழிற்சாலை என்றதும் நாம் நினைக்கிற நகரும் பட்டி அங்கே கடைசி வரைக்கும் இல்லை. ஒருவர் தன் வேலையை முடித்ததும் காரை அடுத்தவரிடம் கையால் தள்ளிவிடுவார். அன்றிலிருந்து தள்ளிப் பழகிய வண்டி, இன்றைக்கும் தள்ளினால் சந்தோசப்படுகிறது.

1949 கடைசியிலிருந்து 1953 வரை 29,664 டீ.டீ. கார்கள் வெளியே வந்தன. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குப் போயின. யுத்தக் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியாவுக்கு டொலர் தேவைப்பட்டது. சில இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி நடக்கும். அதிலே ஓடவும், கிளப்புக்குப் போகவும், அப்பாமார் குடை மடக்கவும் அவை பயன்பட்டன.

பிறகு நாட்டில் டொலர் தட்டியது. (இந்த வாக்கியத்தை எந்தப் பத்து வருடத்துக்கும் எழுதலாம்.) 1960களில் கார் இறக்குமதி இறுகியது, 1977இல் கதவு திறக்கும் வரை இருந்த கார்தான் கார். மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் ஹில்மனையும் ஊர் ஊராகக் கராஜ் பாஸ்மார் காய்ச்சி ஒட்டி ஓட வைத்தார்கள். பழக்கம் எவ்வளவு முற்றிப்போனதென்றால், 1990களில் இங்கே கையால் அடித்த மொரிஸ் மைனர் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின. பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் இலங்கையில் பங்காளி பிடித்து இதைச் செய்தார். இங்கிலாந்துக்காரர் தன் சொந்தக் காரின் மட்கார்டை இலங்கையிலிருந்து வரவழைத்துப் பூட்டிக்கொண்ட காலமும் இருந்தது என்பதை வாத்தியார் தன் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் ஒருமுறைகூட அசந்ததில்லை.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். கார்கள் நின்றன. எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர் ஒருவர் அப்படியொரு டீ.டீ. காரை வாங்கி, கொஞ்ச நாள் ஓடி, பிறகு ரப்பர் ஷீட் புகை போடுகிற கூடத்துக்குப் பக்கத்து விறகுக் கொட்டிலில் நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நிறுத்தினார். அவருடைய மகன் அதை விற்கப்போவதாக ஒருநாள் காது வழியாகச் செய்தி வந்தது. விலை, அப்போதைய ஒரு புதிய திரிவீலின் விலை.

இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்தவனுக்குக் கல் பைத்தியம் கொஞ்சமாவது இருக்கும். ‘கெவுடா’ என்று ஒரு கல் உண்டு. பால் கலங்கியது போல இருக்கும். ஒரு காலத்தில் நம்மாட்கள் அதை மதிக்கவே இல்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய், சூளையில் சூடு காட்டி, நீல மாணிக்கமாக்கி விற்ற பிறகுதான் இங்கே நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். விறகுக் கொட்டிலில் டோர்ச் அடித்துப் பார்த்த வாத்தியார் கண்டது துரு அல்ல, கெவுடா. கொஞ்சம் சூடு காட்டினால் போதும் என்று நினைத்தார். விற்றவரின் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்திருந்தால் தாய்லாந்துக்காரர் யார், ஏமாந்தவர் யார் என்று அங்கேயே விளங்கியிருக்கும்.

வீட்டில் முதல் விசாரணை அம்மாவுடையது. எண்பது தாண்டிய, நாற்பது வருடம் கொழுந்தெடுத்த மனுசி. அவருக்குப் பணம் ரூபாவில் விளங்காது, ‘பேர்’ கணக்கில்தான் விளங்கும். ஒருநாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். “எத்தன பேருடா இது?” என்று கேட்டார். வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “ஆயிரம் பேரு வரும்” என்றார். அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து, பல்லியைக் கண்டு, மூடி வைத்தார். “ஆயிரம் பேருக்கு இதுதான் எடுத்தியா? நா எடுத்த கொழுந்து எடை கூட இருக்காதே.”

இங்கிலாந்தில் காரைத் துண்டு துண்டாக வாங்குவது ஒரு கௌரவமான மரபு. புதுக் காருக்குக் கொள்வனவு வரி உண்டு, பாகங்களுக்கு இல்லை. ஆகவே 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பலரும் பெட்டியில் வாங்கி வீட்டுக் கராஜில் பூட்டினார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். லோட்டஸ் முதலாளி கொலின் சப்மன் கழற்றும் முறையை அச்சடித்துக் கொடுத்து, பின்னாலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னாராம். உண்மையோ பொய்யோ, நல்ல கதை. அந்தச் சப்மனே முதன்முதலில் கட்டியது ஒரு பழைய பேபி ஒஸ்டினை வெட்டி ஒட்டித்தான். வாத்தியாருக்கு முன்னாலிருந்து படிக்கவும் ஒன்றும் இல்லை, பின்னாலிருந்து படிக்கவும் ஒன்றும் இல்லை. ஆறு உர பேக்தான்.

முதல் கண்டுபிடிப்பு: காரைக் கறையான் தின்றிருந்தது.

கேட்கிறவர்கள் நம்புவதில்லை. இரும்புக் காரைக் கறையான் எப்படித் தின்னும்? தின்னும். டீ.டீ.யின் சேஸி இரும்பு. ஆனால் உடம்பின் எலும்புக்கூடு ஆஷ் என்கிற இங்கிலாந்து மரம். தச்சர்கள் அறுத்து இழைத்துச் சட்டம் கட்டுவார்கள், அதன் மேல் தகடு அடிப்பார்கள். காலுக்குக் கீழே உள்ள தரை பலகை. மோர்கன் கம்பனி மோல்வர்னில் இன்றைக்கும் அப்படித்தான் ஆஷ் சட்டத்தில் கார் கட்டுகிறது. மோர்கனுக்குச் சேஸியே மரம் என்று நம்புகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள், அது பொய். கேகாலை மாவட்டக் கறையானுக்கு எது சேஸி எது சட்டம் என்ற ஆராய்ச்சி இல்லை. நாற்பது வருடம் பொறுமையாக வேலை செய்து, தகட்டை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருந்தது. கதவை விரலால் தட்டினால் அப்பளம் போலச் சத்தம் வந்தது.

அவிசாவளைப் பக்கம் லொறிக்குப் பொடி கட்டுகிற பாஸ் ஒருவர் வந்து பார்த்தார். தகட்டை நீக்கி, மிச்சமிருந்த மரத்தூளைக் கையில் அள்ளி முகர்ந்தார். இங்கிலாந்து மரத்துக்கு எங்கே போவது என்று வாத்தியார் கவலைப்பட்டார். பாஸ் சிங்களத்தில் சொன்னதன் தமிழ் இது: “சேர், வெள்ளைக்காரன் நம்ம மரத்த ஏத்திக்கிட்டுப் போனான். இப்ப அவன் காருக்கு நம்ம மரத்தப் போடுறதுல என்ன குறைச்சல்?” ஹல்மில்ல மரம் கொண்டு வந்தார். மாட்டுவண்டிக்கும் படகுக்கும் போன, வளைந்து கொடுக்கிற, லேசில் முறியாத மரம். ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரில் ஒரு காலத்தில் கப்பலேறியதும் அதுதான். பழைய சட்டத்தின் துண்டுகளைத் தரையில் பிணம் போல அடுக்கி வைத்து, அளவெடுத்து, ஒரு கீல் விலகாமல் புதிதாகக் கட்டினார். பதினான்கு மாதம் எடுத்தது. அதில் பதினொரு மாதம் அவர் வராத மாதங்கள்.

என்ஜின் கதை வேறு. அது பிரான்சிலிருந்து தொடங்குகிறது.

ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பனி முதலாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் கொவென்ட்ரிக்கு வந்து இயந்திரத் துப்பாக்கி செய்தது. யுத்தம் முடிந்ததும் வேலை இல்லை; மொரிஸ் கார்களுக்கு என்ஜின் செய்து கொடுத்தது. 1923இல் மொரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கினார். உள்ளே இருந்த பொறிகள் பிரெஞ்சுப் பொறிகள், மில்லிமீற்றரில் மரை வெட்டுகிறவை. மாற்றினால் செலவு. ஆனால் இங்கிலாந்துக் கராஜ்களில் இருந்ததெல்லாம் அங்குலக் கணக்கு விட்வர்த் ஸ்பெனர். மொரிஸ் ஒரு சமரசம் செய்தார்: மரை பிரெஞ்சு, தலை இங்கிலாந்து. போல்ட்டின் உடம்புக்கு மில்லிமீற்றர், தலைக்கு விட்வர்த். இந்த ஏற்பாடு அப்படியே இறங்கி வந்து, 1250 சீ.சீ. டீ.டீ. என்ஜின் வரைக்கும் நீடித்தது.

வாத்தியாருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், விட்வர்த் ஸ்பெனர் வேண்டும் என்பது. பலாங்கொடை டவுனில் எந்தக் கராஜிலும் இல்லை. எல்லாம் ஜப்பான் கார் பார்க்கிற இடங்கள். கடைசியில் கிடைத்த இடம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர். கேன்ஸ்பரோ மார்ஷல் கம்பனியின் ரோலர், பெல்பாஸ்டிலிருந்து வந்த சிரொக்கோ டிரையர் என்று பழைய தேயிலை ஸ்டோர்களில் நிற்பதெல்லாம் விக்டோரியா மகாராணியின் பேரன் பேத்திகள். அவற்றுக்கு விட்வர்த் தவிர வேறு ஸ்பெனர் பிடிக்காது. ஸ்டோரில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்ந்தவர் ஒருவர், கோணிப்பையில் சுற்றிய ஸ்பெனர் செட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சிலிண்டர் தலையில் வைத்தார். கச்சிதமாகப் பிடித்தது. “பாத்தீங்களா ஐயா, தேயிலை மெசினும் உங்க காரும் ஒரே சாதி” என்றார். அன்றைக்கு வாத்தியார் வீட்டில் கோழி அடித்தார்கள்.

கோழி செரிப்பதற்குள், முறிந்துபோன போல்ட் ஒன்றுக்குப் பதிலாக ஸ்டோர் டின்னிலிருந்து அதே தலை அளவு விட்வர்த் போல்ட்டைப் பூட்டப் பார்த்தார்கள். இரண்டு சுற்றுப் போனது, நின்றது. எண்ணெய் போட்டார்கள். நின்றது. ஃபிட்டர் தன் முப்பது வருட அனுபவத்தையும் தோள் பலத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தார். என்ஜின் பிளாக்கிலிருந்து மெல்லிய ‘டிக்’ என்றொரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு விலை, கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்ததில், அம்மாவின் கணக்கில் நாற்பது பேர்.

சாதாரண எட்டு மில்லிமீற்றர் போல்ட் வாங்கினாலும் போகாது. இன்றைய எட்டு மில்லிமீற்றர் மரைக்கு இடைவெளி 1.25, இந்த என்ஜினுக்கு 1.0. ஆக, உலகத்தில் உள்ள எல்லாப் போல்ட்டும் இதற்குப் பொருந்துவது போல முகத்தைக் காட்டும், ஒன்றும் பொருந்தாது. சம்பந்தம் பேசி அலைந்தவர்களுக்கு இந்த நிலை விளங்கும்.

மின்சார வேலை வேறொரு வேடிக்கை. பழைய பிரித்தானியக் கார்களின் விளக்குகளைச் செய்த ஜோசப் லூக்காஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று உலகம் முழுவதும் பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பார்கள். வாத்தியார் நியாயஸ்தர், அவர் காரில் வயரைத் தின்றது எலி, லூக்காஸ் அல்ல. புதிய வயர் இழுத்தார்கள். ஆனால் இந்தக் காரில் பெற்றறியின் பொசிட்டிவ் பக்கம்தான் உடம்பில் தொடுக்க வேண்டும். இன்றைய கார்களுக்கு எதிர்மாறு. ஒரு கெட்டிக்காரப் பையன் ஒரு பின்னேரம், “இது யாரோ பிழையா பூட்டியிருக்காங்க சேர்” என்று சொல்லி, திருத்திக் கொடுத்துவிட்டுப் போனான். டைனமோ அன்றிரவே காலமானது.

நல்ல செய்தி ஒன்றாவது சொல்ல வேண்டும். பெற்றோல் பம்பும் காபரேட்டரும் எஸ்.யூ. கம்பனியுடையவை. அந்தக் கம்பனியைத் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனில் பேர்போன செருப்புக் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுடைய முதல் காபரேட்டரில் தோலால் செய்த துருத்தியே இருந்தது. பம்ப் நல்ல மனநிலையில் இருந்தால் பல்லி போல ‘டிக் டிக்’ என்று சொல்லும். சொல்லாவிட்டால் பெற்றோல் வராது. அப்போது பொனட்டின் ஒரு பக்கத்தை, வண்ணாத்திப்பூச்சியின் இறக்கை போல, மேலே தூக்கி, பம்பை லேசாகத் தட்ட வேண்டும். ஸ்பெனரால் தட்டினால் நெளியும். கையால் தட்டினால் கேட்காது. வாத்தியார் பல வழிகளையும் பார்த்து, கடைசியில் காலிலிருந்து பாட்டா செருப்பைக் கழற்றி ஒரு தட்டுத் தட்டினார். டிக் டிக். செருப்புக்காரக் குடும்பத்துச் சாமானுக்குச் செருப்பு மொழிதான் விளங்கும்போல. அன்றிலிருந்து அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவதில்லை.

2021 தைப்பொங்கலுக்குக் கார் முதன்முதல் தன் காலில் நின்றது. கோயிலடியில் தேங்காய் உடைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏறி நசுக்கிக்கொண்டு முன்னால் போவதுதான் முறை. போனது. ஊரே கை தட்டியது. ஐம்பது யார் தூரத்தில் பாதை முடிந்தது, திரும்ப வேண்டும். வாத்தியார் ரிவர்ஸ் கியரைத் தேடினார். கியர் கம்பு எங்கெங்கோ போனது, அங்கே மட்டும் போகவில்லை. கியர்பெட்டிக்குள் ஏதோ தேய்ந்திருந்தது. பையன்கள் பத்துப் பேர் முன்னால் போய் நின்று, காரைப் பின்னால் தள்ளினார்கள்.

திண்ணையில் இருந்த கிழவருக்கு ஐந்து வருடம் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. “நாந்தா அன்னைக்கே கேட்டேனே,” என்றார், “ஆர் எங்கன்னு!”

காரின் பலம் 54 குதிரை. 1950இல் அது பெரிய சேனை. இன்று இலங்கையின் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிற சுசுக்கி வாகன் ஆர், 660 சீ.சீ.க்குள் ஏறக்குறைய அதே அளவு குதிரைகளை அடைத்து வைத்திருக்கிறது, ஏசியும் உண்டு. பெலிஹுல்ஓயா தாண்டி ஹல்துமுல்லைப் பக்கம் ஏறும்போது, வாத்தியாருக்குப் பின்னால் வந்த ஒரு வாகன் ஆர் மரியாதையாக ஹோர்ன் அடித்து, முந்தி, பின் சீட்டிலிருந்த சிறுமி கை காட்ட, வளைவில் மறைந்தது. வாத்தியாருக்கு அவமானம் இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நாற்பது மைல் வேகமே நூறு போலத் தெரியும். ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, தேயிலை வாசம் நேரே முகத்தில் அடிக்கிறது, என்ஜின் சூடு முழங்காலை வேக வைக்கிறது. வேகம் என்பது இலக்கம் அல்ல, முழங்கால் என்பது அவருடைய கட்சி.

மழைதான் எதிர்க்கட்சி. லண்டனில் வருடம் முழுக்கப் பெய்வது 600 மில்லிமீற்றர் அளவு. இரத்தினபுரியில் 3500க்கும் மேல். இங்கிலாந்துத் தூறலுக்கு வெட்டிய துணிக் கூரையை, பலாங்கொடையில் லொறித் தார்ப்பாய் தைக்கிறவர் ஒருவர் நல்ல மனசோடு தைத்துக் கொடுத்தார். ஆனால் அதை விரித்து, கம்பி நிமிர்த்தி, பொத்தான் பூட்டி முடிக்கப் பத்து நிமிடம் போகும். சப்ரகமுவ மழை பத்து நிமிடம் தவணை கொடுக்கிற மழை அல்ல. ஒருநாள் ஓப்பநாயக்க சந்திக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டது. கூரை பாதியில் சிக்கியது. வாத்தியார் ஓரமாக நிறுத்தி, பக்கத்து சீட்டிலிருந்த குடையை எடுத்து, காருக்குள்ளேயே விரித்து உட்கார்ந்துகொண்டார். அந்த வழியாகப் போன பஸ்ஸில் முழு ஜன்னலும் திரும்பிப் பார்த்தது. அப்பா இப்படியொரு காருக்காகக் குடையை மடக்கினார். மகன் இந்தக் காருக்குள் குடை விரித்தான். இரண்டு பேரும் நனைந்தார்கள்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, வாத்தியார் முன்கூட்டியே பயிற்சி பெற்றவராக இருந்தார். டீ.டீ.யில் பெற்றோல் மானி கிடையாது. தீரும் கட்டத்தில் பச்சை விளக்கு ஒன்று எரியும், அவ்வளவுதான். பின்னால் தாங்கி மூடியைத் திறந்து, கோடு கீறிய மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். வரிசையில் நின்ற எல்லாரும் அந்தக் குச்சியை இரவல் கேட்டார்கள். பெற்றோல் கியூஆர் குறிக்குப் பதியச் சேஸி இலக்கம் தேவைப்பட்டது. எம்.ஜி. இந்த வகைக் கார்களின் சேஸி இலக்கங்களை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை, 0251இலிருந்து தொடங்கியது. காரணம், அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் 251. அந்த இலக்கத்துக்கு இன்று அழைத்தால் எடுக்க ஆளில்லை. எம்.ஜி. என்ற பெயர் இப்போது சீனாவின் சைக் கம்பனியுடையது. கொழும்பில் ஓடுகிற புதிய எம்.ஜி.கள் அங்கிருந்து வந்தவை. வாத்தியாரின் பேரன், தாத்தாவிடம் இருப்பது போலி என்று நினைக்கிறான்.

இலக்கத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காருக்கு இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். வாத்தியாரின் நண்பர் ஒருவரிடம் உள்ள டிரயம்ப் ஹெரால்டில் சிங்கள ‘ஸ்ரீ’ இருக்கிறது. 1958இல் தமிழர்கள் தார் பூசி அழித்த எழுத்து. பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. பிறகு நடந்ததை இந்த வகைக் கட்டுரையில் எழுத முடியாது. இன்று பழைய கார்ப் பிரியர்கள் ஸ்ரீ தகட்டுக்குத் தனி விலை கொடுக்கிறார்கள். அந்த நண்பர், நல்ல தமிழர், ஞாயிற்றுக்கிழமை தோறும் பிராசோ போட்டு அதைப் பளபளக்கத் துடைக்கிறார்.

கையால் செய்த கார் என்று வாத்தியார் பெருமைப்படும்போது, மனைவி ஒரு கேள்வி கேட்டார்: “யாரு கையால?”

அதற்கு அவரிடம் சரியான பதில் இருந்தது. அபிங்டனில் தள்ளிய கை, கொவென்ட்ரியில் தகடு அடித்த கை, அவை சரி. ஆனால் இன்று நிற்கிற காரில் மரம் முழுவதும் அவிசாவளை பாஸின் கை. சிலிண்டர் தலைக்கு மேலே உள்ளது ஸ்டோர் ஃபிட்டரின் கை. பொருத்தமான மரை கிடைக்காத மூன்று போல்ட்டை அவரே லேத்தில் கடைந்தார், தலையை விட்வர்த்தாகவே விட்டார், மொரிஸுக்கு மரியாதையாக. கூரை, தார்ப்பாய்த் தையற்காரர் கை. ரிவர்ஸுக்குப் பத்துப் பையன்களின் இருபது கை. இங்கிலாந்துக்காரர் நான்கு வருடத்தில் 29,664 கார் கட்டினார்கள். சப்ரகமுவ ஆட்கள் ஐந்து வருடத்தில் ஒன்று கட்டினார்கள். எது அதிகம் கையால் செய்தது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும். துரையின் காரை வாங்கினால் ஒருநாளாவது துரையாக இருக்கலாம் என்று நினைத்தவர், விடிய ஆறு மணிக்கு அதன் முன்னால் போய் நிற்கிறார், எண்ணெய் பார்க்கிறார், தண்ணீர் ஊற்றுகிறார், அரைப் பேர் கூடப் போடாமல் அது அவரை வேலை வாங்குகிறது.

அம்மா கடைசிக் காலத்தில் ஒரேயொரு முறை ஏறினார். கோயில் வரைக்கும். சீட்டில் பலகை போட்டு, தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். போகிற வழியில் ஆள் ஒருவர் ஒதுங்கி நின்றார். வாகனம் வந்தால் யாரும் ஒதுங்குவதுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் கையில் குடை விரிந்தபடியே இருந்தது. அம்மா அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், “முதுகு வலிக்குது, இனிமே ஆட்டோவுல போவோம்” என்றார்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலாங்கொடை, பெல்மதுளை வீதியில் சின்னப் பச்சைக் காரொன்று உங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி வரவும். அதற்குச் சிக்னல் விளக்கு இல்லை. ஓட்டுகிறவர் வலக்கையை வெளியே நீட்டினால் வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்று அர்த்தம். மழை வருகிறதா என்று பார்க்கிறார் என்றும் இருக்கலாம். கையில் செருப்போடு நீட்டினால், வண்டி நிற்கப் போகிறது.